1/12 பைக் மாடல் ஏன் பொம்மை மாதிரியே தெரிகிறது?

கேள்வி: இதுவரை இரண்டு 1/12 பைக் கிட் (நிஜ வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், பாகங்களை ஒட்டிச் சேர்க்கிற மாடல் பெட்டி) கட்டி முடித்துவிட்டேன். வழிமுறைத் தாளில் சொன்னபடியேதான் ஒட்டினேன், பெயின்ட் அடித்தேன். முடித்து அலமாரியில் வைத்துப் பார்த்தால் பொம்மை வண்டி மாதிரிதான் இருக்கிறது. அடுத்ததாக ஜப்பானின் தமியா நிறுவனத்தின் கவாஸாகி நிஞ்ஜா எச்2ஆர் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவுகிற கருவி) வாங்கினால் சரியாகிவிடுமா அண்ணா?

பதில்:

ஏர்பிரஷ் தாராளமாக வாங்குங்கள் தம்பி, ஒருநாள் தேவைப்படும். ஆனால் நீங்கள் சொல்கிற குறை அதனால் தீராது. பொம்மையையும் வண்டியையும் பிரித்துக் காட்டுவது இரண்டு விஷயம்தான். எந்தப் பாகம் எவ்வளவு மின்னுகிறது என்பது ஒன்று. எந்தப் பாகம் எவ்வளவு தடிமன் என்பது இன்னொன்று. ஒரு நல்ல சின்ன பிரஷ்ஷும் நாலு வகை உப்புத்தாளும் இருந்தால் இந்த இரண்டிலும் பாதிக்கு மேல் சரிசெய்துவிடலாம். என் முதல் ஐந்தாறு வண்டிகளை நான் அப்படித்தான் கட்டினேன்.

கார் மாடலில் இந்தச் சிக்கல் குறைவு. பாடியை நன்றாகப் பளபளப்பாக்கி, கண்ணாடி பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் மூடிக்குள் போய்விடும். பைக் அப்படி இல்லை. எல்லாம் வெளியே தெரியும். ஒரு சாண் இடத்துக்குள் வார்த்த அலுமினியம், கடைந்த இரும்பு, ரப்பர், குரோம், ரெக்சின், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். கிட் பெட்டியில் வருவதோ டயர், திருகு தவிர ஏறக்குறைய எல்லாம் ஒரே பிளாஸ்டிக். ரப்பர் எப்படி ஒளியை வாங்கும், குரோம் எப்படித் திருப்பி அடிக்கும் என்பது சின்ன வயதிலிருந்து வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மாடலில் எல்லாம் ஒரே மாதிரி மின்னினால், வடிவம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தக் கண் நம்பாது.

அதனால் எச்2ஆர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தெருவில் நிற்கிற ஏதாவது ஒரு புல்லட்டின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அதில் கறுப்பாக இருப்பவற்றை மட்டும் பாருங்கள். டயர் கறுப்பே இல்லை, சாம்பல் கலந்த மங்கல். கைப்பிடி ரப்பர் அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, கை பட்டுப் பட்டு லேசான வழவழப்பு. சீட்டில் மெல்லிய மினுமினுப்பு இருக்கும். கிளட்ச் வயரின் உறை அரைப் பளபளப்பு. ஃபிரேம் நல்ல பளபளப்பு. டேங்க் கறுப்பாக இருந்தால் அதில் உங்கள் முகமே தெரியும். ஒரே வண்டியில் ஆறு கறுப்பு. வழிமுறைத் தாள் இவற்றுக்கு இரண்டோ மூன்றோ எண்தான் கொடுத்திருக்கும். மிச்சத்தை நாம்தான் பிரிக்க வேண்டும்.

நான் செய்வது இது. டயருக்கும் ரப்பர் பாகங்களுக்கும் தமியா எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக். சீட்டுக்கு எக்ஸ்-18 அரைப் பளபளப்புக் கறுப்பில் கொஞ்சம் மங்கல் கறுப்பைக் கலந்து அடிப்பேன். வயர்களுக்கு எக்ஸ்-18 அப்படியே. எஞ்சினில் கறுப்பு உறை இருந்தால் எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக். சுத்தக் கறுப்பை ஃபிரேமுக்கும் பாடிக்கும் மட்டும் வைத்துக்கொள்வேன். சின்ன உருவத்தில் சுத்தக் கறுப்பு மிகக் கனமாகத் தெரியும், விவரங்களை விழுங்கிவிடும். ஒரு படி வெளுத்த கறுப்பு அடித்தால்தான் கண்ணுக்கு அது சரியான கறுப்பாகப் படும்.

வெள்ளி நிறத்திலும் இதே கதைதான், இங்கே பலரும் இன்னும் மோசமாகச் சறுக்குகிறார்கள். எஞ்சின் முழுக்க ஒரே சில்வர் அடித்துவிடுகிறார்கள். மணல் அச்சில் வார்த்த அலுமினியம் மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். எக்ஸ்எஃப்-16 அதற்குப் பொருத்தம். பாலிஷ் போட்ட கிளட்ச் மூடி வேறு. போல்ட் தலை இரும்பு, அது அலுமினியத்தைவிட ஒரு படி இருண்டது. செயின் இன்னும் இருண்டது, எண்ணெய் பூசியது. அதற்கு எக்ஸ்-10 கன் மெட்டல் அடித்து, மேலே பிரஷ் நுனியில் கொஞ்சம் சில்வரைத் துடைத்து எடுத்தால் போதும். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்தான் அந்த வட்டாரத்திலேயே மிகவும் பளிச்சென்று இருக்க வேண்டியது. இப்படி நாலைந்து சில்வரை அடுத்தடுத்து வைத்தால் எஞ்சின் தானாகவே உயிர் பெறும். வேறு எந்த ஒரு வேலையும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தராது என்பது என் அனுபவம்.

குரோம் முலாம் பூசி வருகிற பாகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய கிட்டுகளில் நிறைய வரும். அந்தக் குரோம் ரொம்பத் தடிமனாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அச்சுக்கோடும் (அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழுகிற கோடு) வெட்டிய தழும்பும் அதன் மேல் அசிங்கமாகத் தெரியும். துணி வெளுக்கிற பிளீச்சில் ஊறவைத்தால் முலாம் கழன்றுவிடும். பிளீச்சோடு ஆசிட்டோ கழிப்பறை கழுவும் திரவமோ கலந்துவிடவே கூடாது, நச்சுவாயு வரும். கழுவிக் காயவைத்து, தழும்புகளைத் தேய்த்து எடுத்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அது நன்றாக இறுகிய பிறகு அதன் மேல் ஆல்கிளாட் மாதிரியான குரோம் பெயின்டை மிக மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். அடியில் உள்ள கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் மேலே குரோம். முலாமை எடுக்க மனமில்லை என்றால், ஒட்டுகிற இடத்தில் மட்டுமாவது சுரண்டிவிடுங்கள். குரோம் மேல் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது.

சைலன்சருக்கு வருவோம். எஞ்சினிலிருந்து இறங்குகிற பெண்ட் பைப் சூட்டில் நிறம் மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாடலில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். சூடேறிய உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. படலம் தடிக்கத் தடிக்க அதில் தெரிகிற நிறமும் மாறுகிறது. சாதாரண எஃகில் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 250-ஐத் தாண்டினால் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300-க்கு மேல் நீலம். அப்படியானால் நீலம் எங்கே வர வேண்டும்? அதிகச் சூடுள்ள இடத்தில், அதாவது சிலிண்டர் ஹெட்டை ஒட்டி. அங்கிருந்து கீழே வர வர ஊதா, பழுப்பு, வைக்கோல் மஞ்சள், அப்புறம் வெறும் உலோகம். தமியாவின் கிளியர் புளூ, கிளியர் ஆரஞ்சு, கிளியர் மஞ்சள், ஸ்மோக் என்ற, அடியில் உள்ளது தெரிகிற இந்த நாலு பெயின்டையும் தண்ணியாகக் கரைத்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் கரைகிற மாதிரி அடிக்க வேண்டும். பாலிஷான குழாயில் இது நிஜ வண்டியில் இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொண்டால் போதும். நம் அளவில் மூன்று மில்லிமீட்டர். வானவில் மாதிரி குழாய் முழுக்க இழுத்துவிட வேண்டாம்.

இனி தடிமன். 1/12 என்றால் நம் பழைய கணக்கில் அடிக்கு அங்குலம். நிஜத்தில் ஒரு அடி இருப்பது மாடலில் ஒரு அங்குலம். ஒரு பாகத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால், மாடலில் அளந்து 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டின் ஃபேரிங் (வண்டியை மூடுகிற வெளி உறை) விளிம்பு 1 மி.மீ. இருக்கும். 12-ஆல் பெருக்கினால் 12 மி.மீ. எந்த வண்டியிலாவது அரை அங்குலத் தடிமனில் ஃபேரிங் பார்த்திருக்கிறீர்களா? நிஜத்தில் அது மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. நாம் பார்க்கும்போது "பொம்மை" என்று மனசு சொல்வது இந்த இடத்தில்தான். முழு ஃபேரிங்கையும் மெலிதாக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற விளிம்பை மட்டும், உள்பக்கத்திலிருந்து கத்தியால் சாய்வாகச் சீவி, 400, 800 என்று உப்புத்தாள் போட்டால் போதும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தகடு. எச்2ஆரில் பக்கவாட்டு இறக்கைகள், காற்று நுழையும் வாய், வால் பகுதி இந்த மூன்றையும் இப்படிச் செய்யுங்கள். ஒரு சாயங்கால வேலை.

வயர்களிலும் இதே கணக்கு. நிஜத்தில் கிளட்ச் வயரின் உறை ஏறத்தாழ 6 மி.மீ.; மாடலில் 0.5 மி.மீ. பிளக் வயர் 7 மி.மீ.; மாடலில் 0.6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஸ்போக்ஸ் 3 மி.மீ. சொச்சம், மாடலில் கால் மில்லிமீட்டர். செயினின் இரண்டு பின்களுக்கு இடையில் 15.875 மி.மீ.; மாடலில் 1.3 மி.மீ. போல்ட்டில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற தலை மாடலில் 0.8 மி.மீ. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிவையுங்கள். கடையில் விற்கிற எந்த உதிரிச் சாமானையும் வாங்கும் முன் இதோடு ஒப்பிடலாம்.

வயருக்கு வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை. நான் இருப்பது கோவையில், இங்கே மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமே இல்லை. கழித்துப் போடுகிற காயில் கம்பியை ஒரு கைப்பிடி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 25 கேஜ் கம்பி 0.5 மி.மீ., அதுதான் நம் கிளட்ச் வயர். 24 கேஜ் பிளக் வயர். 30 கேஜ் கம்பி 0.3 மி.மீ., சென்சார் வயர்களுக்கு ஆகும். செம்பு வளைத்தபடி நிற்கும் என்பதால் வேலை சுலபம். ஆனால் அது மடங்கிவிடக் கூடாது. நிஜ வயர் எங்கேயும் கூர்மையாக மடங்காது, பெரிய வளைவாகத் தளர்ந்து போகும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் நீளம் விட்டிருப்பார்கள், அந்தத் தளர்ச்சி மாடலிலும் தெரிய வேண்டும். பிரஷ்ஷின் கைப்பிடி மாதிரி உருண்டையான ஏதாவதொன்றின் மேல் சுற்றி எடுத்தால் நல்ல வளைவு கிடைக்கும். ஸ்போக்ஸ் வண்டி கட்டினால் கிடாரின் மிக மெல்லிய 10-ஆம் எண் எஃகுக் கம்பி, அது 0.25 மி.மீ., அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, நான் அடிபட்டுக் கற்றது. ஃபேரிங் உள்ள ஒரு ரேஸ் வண்டியில் பிரேக் ஹோஸ், கூலன்ட் குழாய், வயரிங் கொத்து எல்லாம் ஆசை ஆசையாகச் சேர்த்துக்கொண்டே போனேன். மூன்று வாரம். கடைசியில் ஃபேரிங்கை வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் பிளந்துகொண்டு நிற்கிறது. அழுத்தியதில் விரிசலும் விட்டது. பாதி வயரைப் பிய்த்துப் போட்டுத்தான் மூடினேன். எச்2ஆரும் அந்த வகை வண்டிதான், உள்ளே இடமே இல்லை. ஒவ்வொரு வயரைச் சேர்த்ததும் பாடி பாகங்களை மாஸ்க்கிங் டேப்பால் கட்டிப் பாருங்கள். மூடினால் தெரியாத வயரைப் போடாதீர்கள்.

எச்2ஆரில் எந்த வயர் தெரியும் என்றால், முன்பக்க பிரேக் ஹோஸ்கள், கிளட்ச் பக்கம், அந்தப் பச்சை டிரெல்லிஸ் ஃபிரேமின் இடைவெளி வழியாகத் தெரிகிறவை, அவ்வளவுதான். அந்த ஃபிரேம்தான் இந்த வண்டியின் அழகு. குழாய்களைப் பின்னிச் செய்த ஃபிரேம் என்பதால் ஒவ்வொரு குழாயிலும் அச்சுக்கோடு ஓடும். அதைச் சுரண்டி எடுக்காமல் பெயின்ட் அடித்தால் குழாய் குழாயாகவே தெரியாது. கத்தியின் முதுகால் குழாயின் நீளவாக்கில் மெல்ல இழுத்துச் சுரண்டுங்கள், அப்புறம் 600, 1000 உப்புத்தாளைக் குறுகிய பட்டையாக வெட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி குழாயைச் சுற்றி இழுங்கள். தட்டையாகத் தேய்த்தால் குழாயில் பட்டை விழுந்துவிடும். இது சலிப்பான வேலை. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு திரும்பி வந்து செய்ய முடியாத வேலை இது.

பாடி பெயின்ட். நிஜ வண்டியில் எல்லாப் படலமும் சேர்ந்து 0.1 மி.மீ. சொச்சம் இருக்கும். நாமும் பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று அடித்து முடித்தால் அதே 0.1 மி.மீ. ஆகிவிடுகிறது. 12-ஆல் பெருக்குங்கள்: நிஜ வண்டியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெயின்ட் அப்பிய மாதிரி! பாகங்களின் விளிம்புகள் மழுங்குவதும், பேனல் இடைவெளிகள் நிரம்பிவிடுவதும் இதனால்தான். பிரைமர் அடிக்கும் முன்பே பேனல் கோடுகளைக் கத்தியால் ஒருமுறை ஆழமாக்கிவிடுங்கள். விளிம்பில் மெலிதாக அடித்துச் சமதளத்தில் மட்டும் கிளியரைக் கூட்டுங்கள்.

எச்2ஆரின் நிறம் சாதாரணக் கறுப்பு இல்லை. வேதிவினையால் உண்மையான வெள்ளிப் படலத்தைப் படிய வைக்கிற கண்ணாடிப் பூச்சை கவாஸாகி அதற்கென உருவாக்கியது. நிழலில் கறுப்பாகவும் வெயிலில் கண்ணாடியாகவும் தெரியும். வெறும் பளபளப்புக் கறுப்பு அடித்தால் வண்டி செத்துப்போகும். பளபளப்புக் கறுப்பு, அதன் மேல் மெல்லிய குரோம், அதன் மேல் ஸ்மோக், மேலே கிளியர் என்று நாலு படி வேண்டும். குரோமின் மேல் கிளியர் அடிக்கும்போது பளபளப்பு கொஞ்சம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். ஸ்பூனின் வளைவு டேங்கின் வளைவு மாதிரியே இருப்பதால் நிறம் எப்படி வரும் என்று சரியாகக் காட்டும். ஏர்பிரஷ் இல்லாமல் முடியாத இடம் இது. 0.3 மி.மீ. நாசில் போதும்.

மழைக்காலத்தில் மட்டும் லாக்கர் (தின்னர் ஆவியாகி வேகமாகக் காய்கிற பெயின்ட்) அடிக்காதீர்கள். சென்னையில் இருந்தபோது ஒரு ஐப்பசி மாதம் அவசரப்பட்டு சிவப்பு டேங்க் ஒன்றுக்கு கிளியர் அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மறுநாள் நல்ல வெயில் வந்த பிறகு, மெதுவாகக் காய வைக்கிற ரிடார்டர் கலந்த தின்னரை லேசாகத் தூவினேன். பெயின்ட் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பியது. எப்போதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. கடலோர ஊரில் இருந்தால் மதியம் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரிம ஆவியை வடிகட்டுகிற கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி போடுங்கள். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். ரெண்டு பொருளைக் கலந்து அடிக்கிற யூரித்தேன் கிளியர் அற்புதமான பளபளப்பு தரும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முறையான பாதுகாப்பு இல்லாமல் வீட்டுக்குள் அதைத் தொடவே வேண்டாம்.

டெக்கால், அதாவது எழுத்தும் சின்னமும் அச்சிட்டு தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படலம், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பான பரப்பில் ஒட்டுங்கள், மென்மையாக்கும் திரவம் போட்டு அது சுருங்கும்போது பயந்து தொட்டுவிடாதீர்கள், தானாகப் படியும். பழைய கிட்டில் டெக்கால் மஞ்சளாகியிருந்தால் பாலிதீன் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டுங்கள், வெளுத்துவிடும்.

அழுக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. டாங்க் மாடல் கட்டுகிறவர்களைப் பார்த்து பைக்கிலும் சேறும் துருவும் பூசுகிறார்கள். எச்2ஆர் சாலையில் ஓட்டவே அனுமதியில்லாத, பந்தயத் தடத்துக்கான வண்டி. 998 சி.சி. எஞ்சினில் சூப்பர்சார்ஜர் வைத்து 310 குதிரைத்திறன் எடுக்கிற வண்டியை யாரும் சேற்றில் விட மாட்டார்கள். தினமும் துடைத்து வைப்பார்கள். ஆனால் எவ்வளவு துடைத்தாலும் சில இடங்களில் ஓட்டம் தெரியும்: செயின் எண்ணெய் தெறித்த பின்சக்கர ஓரம், பிரேக் காலிப்பரைச் சுற்றிய கரித்தூள், எஞ்சின் மடிப்புகளின் ஆழம். எஞ்சினுக்கு எனாமல் வாஷ் (தண்ணியாகக் கரைத்த எனாமல் பெயின்ட்) ஒன்று போதும். கறுப்போடு கொஞ்சம் பழுப்பு கலந்து, கரைத்து, மடிப்புகளில் மட்டும் ஓடவிட்டுத் துடைத்துவிடுங்கள். பெயின்ட் அடிக்காத வெறும் பிளாஸ்டிக் மேல், அதிலும் திருகு போட்டு இறுக்கிய பாகத்தின் மேல், எனாமல் தின்னர் பட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். தமியா பைக் கிட்டுகளில் திருகுகள் உண்டு என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

பிரேக் டிஸ்க் ஒரு சின்ன வேலை, பெரிய பலன். எச்2ஆரின் முன் டிஸ்க் 330 மி.மீ., மாடலில் 27.5. நிஜ டிஸ்க்கில் பிரேக் பேட் உரசி உரசி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் இருக்கும், அதனால்தான் வெளிச்சம் அதில் விசிறி மாதிரி விரியும். டிஸ்க்கை நடுவில் ஒரு குச்சியில் பொருத்தி, சின்ன மோட்டாரில் சுழலவிட்டு, 1000 உப்புத்தாளை லேசாகத் தொடுங்கள். அப்புறம் மெட்டல் பெயின்ட். அந்த விசிறி வந்துவிடும். துளைகளை ஊசிமுனை டிரில்லால் திறந்துவிட்டு உள்ளே கறுப்பு வையுங்கள், ஆனால் டிஸ்க் சுற்றளவிலும் பேட் தொடாத உள்வட்டத்திலும் கோடு வேண்டாம்.

உதிரிப் பாகங்கள் என்று நிறைய விற்கிறார்கள். அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள், கடைந்த போல்ட்டுகள், இணைப்பு இணைப்பாகக் கோக்கிற செயின், இப்படி. டாப் ஸ்டூடியோவின் சில செட்டுகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், விலையும் கிட்டைத் தாண்டிவிடும். உங்களுக்கு இப்போது ஒன்றே ஒன்று வாங்கச் சொல்வேன்: தமியாவே தன் சில கிட்டுகளுக்கு விற்கிற உலோக முன் ஃபோர்க் செட். ஃபோர்க் குழாய் முன்னால் நிற்கிறது, கண் முதலில் போகிற இடம், பெயின்டால் அந்த உலோகப் பளபளப்பைக் கொண்டுவருவது கடினம். மற்றதெல்லாம் பிறகு.

எச்2ஆர் முடிந்த பிறகு என்ன என்று கேட்பீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். தமியாவின் 1/12 ஹோண்டா ஆர்சி166. 250 சி.சி.க்குள் ஆறு சிலிண்டர். ஒரு சிலிண்டர் 41 சி.சி.தான், ஒரு டீ டம்ளர் கூட நிறையாது. நிமிடத்துக்கு 18,000 சுற்று வாக்கில் ஓடிய எஞ்சின் அது. பிரிட்டிஷ் பந்தய வீரர் மைக் ஹெயில்வுட் 1966-லும் 1967-லும் 250 சி.சி. உலகப் பட்டத்தை இதில்தான் வென்றார். ஆறு பிளக் வயர், ஆறு கார்பரேட்டர், ஆறு சைலன்சர், ஸ்போக்ஸ் சக்கரம், டிரம் பிரேக். மேலே நான் சொன்ன அத்தனை வேலையும் ஒரே வண்டியில் இருக்கிறது. அதே 1966-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் பந்தயத்துக்கான பயிற்சி ஓட்டத்தில் விழுந்து, முதுகெலும்பு அடிபட்டு, ஓட்டத்தையே நிறுத்திக்கொண்டார் இத்தாலியின் தர்குவினியோ ப்ரோவினி, இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். புரோட்டார் என்ற மாடல் நிறுவனம் அவர் தொடங்கியதுதான். அவர் பெயரின் முன்பாதிகளைச் சேர்த்து வைத்த பெயர். 1/9 அளவில் அவர்கள் கொண்டுவந்த பைக் கிட்டுகள் சில பிறகு இட்டாலேரி என்ற இத்தாலிய மாடல் நிறுவனத்தின் பெயரில் வந்தன. பொருத்தம் தமியா அளவுக்கு இருக்காது, நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும். ஆனால் வண்டியை உடம்பால் அறிந்த ஒருவரின் கிட் என்ற நினைப்போடு நான் அவற்றைக் கட்டுவேன். அந்த அளவு உங்களுக்கு இப்போது வேண்டாம், நாலைந்து வண்டி கழித்துப் பார்க்கலாம்.

சரி, எச்2ஆரை இப்போதைக்கு மூடி வையுங்கள். முடித்து வைத்திருக்கிற அந்த இரண்டு வண்டியை எடுங்கள். கெட்டுப்போனாலும் நஷ்டமில்லாத வண்டிகள், பழக ஏற்றவை. முதலில் டயரைக் கழற்றி, நடுவில் ஓடுகிற அச்சுக்கோட்டையும் ரப்பரின் அந்தப் பொய்ப் பளபளப்பையும் 400 உப்புத்தாளால் உருட்டி உருட்டித் தேய்த்து எடுங்கள். தரையைத் தொடுகிற நடுப்பகுதி மட்டும் மங்கட்டும், பக்கச் சுவர் அப்படியே இருக்கட்டும். எஞ்சினுக்கு வாஷ் போடுங்கள். போல்ட் தலைகளைப் பல்குச்சி நுனியால் இருண்ட சில்வரில் தொடுங்கள். சீட்டின் மேல் அரை மங்கல் கிளியர் ஒரு கை. கைப்பிடிக்கு ரப்பர் பிளாக். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு வண்டிக்கு மட்டும் செய்யுங்கள், மற்றதை அப்படியே விட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு எச்2ஆரின் ஃபிரேமை எடுத்துச் சுரண்ட ஆரம்பிக்கலாம்.